ஒரு பாத்திர அலமாரிக்காகச் சாண்டரும் ட்ரில் பிட்டும் தேர்ந்தெடுத்த அனுபவம்

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்த எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது என் பங்காக வந்தவை ஒரு சோடித் தேக்குக் கதவும் சில நிலைச் சட்டங்களும்தான். அவற்றைத் திருச்சிக்குக் கொண்டுவந்து மாடியில் தார்ப்பாய் போட்டு மூடியபோதே, சாப்பாட்டு அறைக்குப் பாத்திர அலமாரி ஒன்று செய்து அதற்கு இந்தத் தேக்கையே கதவாக்குவது என்று முடிவு செய்துவிட்டேன். உடல் பகுதிக்கு 18 மி.மீ. ப்ளைவுட், வெளியே தெரியும் பக்கங்களுக்கு ஆலையிலேயே தேக்கு வெனீர், அதாவது மெல்லிய தேக்குத் தோல், ஒட்டி வந்த பலகை. உயரம் 1500 மி.மீ., அகலம் 900, ஆழம் 400. விடுமுறை நாட்களில் மட்டும் வேலை நடந்ததால் முடிய நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் தச்சு வேலையைக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அது மிகை. எந்தப் பரப்புக்கு எந்தச் சாண்டர் (தேய்க்கும் இயந்திரம்), எந்தத் துளைக்கு எந்த பிட் (ட்ரில்லில் மாட்டும் துளை முனை) என்பதை மட்டும், ஒரு வெனீர்ப் பலகையையும் ஒரு கதவுச் சட்டத்தையும் ஐந்தாறு பிட்களையும் பலி கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

தொடக்கமே பிழை. வேலையைப் பற்றி ஒன்றும் வரையறுத்துக்கொள்ளாமல் கடைக்குப் போய், பழைய தேக்கைத் தேய்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் பெல்ட் சாண்டரை எடுத்து வைத்து, இது ஒன்று இருந்தால் வேறு எதுவும் வேண்டாம் என்றார். கூடவே, திறந்தால் கண்ணைப் பறிக்கும் ஒரு பிட் பெட்டியையும் வாங்கினேன். இரும்புக்கு உரியது, சுவருக்கு உரியது, மரத்துக்கு உரிய தட்டை பிட் என்று நாற்பதுக்கு மேல் இருந்தன. அந்தப் பெட்டியிலிருந்து இந்த அலமாரிக்கு உண்மையாகப் பயன்பட்டவை மூன்று.

பெல்ட் சாண்டர் கெட்ட கருவி அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். என்னுடையது 75 மி.மீ. அகலமும் 533 மி.மீ. சுற்றளவும் கொண்ட பட்டையில் ஓடுவது. பட்டை ஒரே திசையில் ஓடுவதால் மரம் மளமளவென்று குறைகிறது. இழைப்புளி பிடித்துப் பழகாத கைக்கு, ஏற்ற இறக்கமான கனத்த பலகையை ஓரளவு சமப்படுத்த அதைவிட விரைவான வழி கிடையாது. ஆனால் பழைய கதவில் அதை ஓட்டுவதற்கு முன் அதன் மேலிருந்த பச்சை வண்ணப்பூச்சு என்னை நிறுத்தியது. அந்த வீடு கட்டப்பட்ட காலத்து எண்ணெய்ப் பூச்சுகளில் ஈயம் இருப்பதற்கு நிறைய வாய்ப்புண்டு. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சைச் சாண்டரால் தேய்த்தால் ஈயம் தூளாகி வீடெங்கும் பரவும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைவிட மோசமான காரியம் வேறில்லை. ஆகவே பூச்சை நீக்கும் பசையைத் தடவி, ஊறவிட்டு, சுரண்டித் தகட்டால் ஈரத்தோடு வழித்து, கழிவைத் தாளில் சேர்த்துக் கட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின. சலிப்பான வேலை என்றாலும், பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே காவி என்று ஒவ்வொன்றாக உரிந்து, கடைசியில் தேன் நிறத் தேக்கு எட்டிப் பார்த்தது.

அதன் பிறகே பெல்ட் சாண்டர் களமிறங்கியது. சொரசொரப்பான 80 ஆம் எண் பட்டையைப் போட்டு, ரேகை ஓடும் திசையிலேயே முன்னும் பின்னுமாக நகர்த்தியபோது கதவுப் பலகை அழகாகச் சமமாயிற்று. அந்த உற்சாகத்தில், அதே இயந்திரத்தை வெனீர் ஒட்டிய பக்கப் பலகையிலும் வைத்தேன். விளிம்பருகே சின்னதாக ஒரு பிசின் கறை இருந்தது. அதை எடுக்கலாம் என்பதுதான் எண்ணம். நான்கு விநாடிகூட ஆகியிருக்காது. தேக்கின் பழுப்புக்கு நடுவே உள்ளங்கையளவு வெளிறிய திட்டு ஒன்று தோன்றியது. ப்ளைவுட்டின் அடி அடுக்கு சிரித்துக்கொண்டிருந்தது.

இதில் மறைபொருள் எதுவும் இல்லை, கணக்குத்தான். கடையில் கிடைக்கும் வெனீர்ப் பலகைகளில் அந்த மேல்தோல் பெரும்பாலும் அரை மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. 80 ஆம் எண் உப்புத்தாளில் உள்ள ஒரு துகளின் சராசரி அளவு ஏறத்தாழ 0.2 மி.மீ. அதாவது தோலின் தடிப்பில் பாதிக்கு நெருங்கிய பற்கள், ஒரே திசையில், விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. 120 ஆம் எண்ணில் துகள் 0.125 மி.மீ.; 180இல் 0.08, 220இல் 0.07க்கும் சற்றுக் குறைவு. தாளின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அதுவரை நான் சொரசொரப்பைக் குறிக்கும் ஓர் அடையாளமாக மட்டும் பார்த்திருந்தேன். அதை ஆழமாகப் பார்க்கத் தொடங்கியது அந்தத் திட்டைக் கண்ட பிறகுதான். கெட்டுப்போன பலகை இப்போது சுவரை ஒட்டிய பக்கமாகத் திருப்பப்பட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருந்து, இப்போது வயதாகி மகனிடம் ஒப்படைத்துவிட்ட தச்சர் ஒருவர் இருக்கிறார். பலகையைக் காட்டினேன். விரல் நுனியால் திட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது மாம்பழத் தோல் மாதிரி. இதுக்குப் போய் அருவாளை எடுத்திருக்கியே” என்றார். வெனீருக்கு என்ன அண்ணே எடுக்கணும் என்று கேட்டதற்கு, “கையாலயே தேச்சுக்க. மெஷினுதான் வேணும்னா ஆட்டுற மெஷினு வாங்கு, ஓடுற மெஷினு வேண்டாம்” என்று பதில் வந்தது. சாண்டர்களை இதைவிடச் சுருக்கமாக வகைப்படுத்தியவர் எவரையும் நான் கண்டதில்லை.

ஆட்டுகிற இயந்திரங்கள் இரண்டு வகை. ஒன்று, சதுர அடித்தட்டு கொண்ட ஆர்பிட்டல் சாண்டர். கடையில் விற்கும் 230க்கு 280 மி.மீ. முழு உப்புத்தாளை நான்காகக் கிழித்தால் ஒரு துண்டு அதற்குச் சரியாகப் பொருந்தும். அதனால்தான் அதைக் கால் தாள் சாண்டர் என்கிறார்கள். அடித்தட்டு சுழலாமல், ஒன்றரை, இரண்டு மி.மீ. அளவுள்ள சிறு வட்டத்தில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் அதிர்கிறது. மற்றொன்று, வட்ட அடித்தட்டு கொண்ட ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர். இதில் தட்டு அதிர்வதோடு தானும் தன்போக்கில் சுழல்கிறது. ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு முறையும் வேறு பாதையில் போவதால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் கலைந்துபோகின்றன. சட்டமும் சட்டமும் செங்குத்தாகச் சேரும் கதவு மூலையில்கூட ரேகைத் திசையைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் ஓட்டலாம். நான் வாங்கியது 125 மி.மீ. தட்டு கொண்டது. 150 மி.மீ. தட்டு பெரிய மேசைப் பலகைகளுக்கு விரைவாக இருக்கும், ஆனால் 70 மி.மீ. அகலமே உள்ள கதவுச் சட்டத்தின் மேல் அது இரு பக்கமும் தொங்கி, கொஞ்சம் சாய்ந்தாலும் விளிம்பை உருட்டிவிடும்.

வாங்கும்போது வாட்டைப் பார்ப்பவர்கள் உண்டு, நானும் பார்த்தேன். பயன்படுத்திய பிறகு அந்த எண்ணுக்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் சக்கரம் இருக்கிறதா, தூசியை வாங்கும் குழாய்வாய் நம் வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாயோடு சேருமா, தட்டின் துளைகளுக்கு ஏற்ற வட்டத் தாள் உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்ற மூன்றும்தான் அன்றாடம் கையைக் கடிக்கும் விஷயங்கள். எட்டுத் துளைத் தட்டுக்கு எட்டுத் துளைத் தாள் வேண்டும். துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் தூள் வெளியேறாமல் தாளுக்கும் மரத்துக்கும் நடுவே அரைபட்டு, தாளையும் கெடுக்கும், பரப்பையும் கெடுக்கும். தாள் கொக்கித் துணியால் ஒட்டிக்கொள்ளும் வகை என்பதால் ஒரு விநாடியில் கழற்றி மாற்றலாம். ஆனால் மேலே பலமாக அமுக்கி ஓட்டினால் சூட்டில் அந்தக் கொக்கிகள் உருகி மழுங்கி, பிறகு தாள் நிற்காது.

அமுக்குவதுதான் எல்லாருடைய முதல் தவறு. என்னுடைய முதல் கதவில் விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது, பன்றிவால் போலச் சுருண்ட சிறு கீறல்கள் பரப்பெங்கும் கிடந்தன. அமுக்கினால் தட்டின் சுழற்சி நின்றுபோய் அதிர்வு மட்டும் மிஞ்சுகிறது. தாளில் சிக்கிய ஒரு பெரிய துகள் அதே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கோலம் போடுகிறது. இயந்திரத்தின் கனமும் கையின் கனமும் போதும். விநாடிக்கு இரண்டு மூன்று செ.மீ. என்ற நத்தை வேகத்தில் நகர்த்த வேண்டும். மரத்தில் வைத்த பிறகு விசையைப் போட வேண்டும், எடுத்த பிறகு அணைக்க வேண்டும். அந்தரத்தில் முழு வேகம் எடுத்த தட்டை மரத்தின் மேல் இறக்கினால் விழும் பிறைவடு, நான்கு தாள் மாற்றினாலும் போகாது.

தாளின் வரிசையில் நான் செய்தது இது: கனத்த தேக்குக் கதவுக்கு 80, 120, 180, 220. வெனீருக்கு 180இல் தொடங்கி 220இல் நிறுத்திவிட்டேன், அதுவும் பெரும்பகுதி தக்கைக் கட்டை ஒன்றில் தாளைச் சுற்றிக் கையால். வரிசையில் ஒன்றைத் தாண்டிப் போகலாமா என்று ஒருமுறை சோதித்தேன். 80இலிருந்து நேராக 180க்குப் போனபோது, முந்தைய தாளின் கீறல்களை எடுக்க ஆன நேரத்தில் 120ஐயும் போட்டு முடித்திருக்கலாம். 180 ஆம் எண் தாளும் இரண்டு கூடுதலாகச் செலவாயிற்று. ஒவ்வொரு தாளுக்கும் முன் பென்சிலால் பரப்பெங்கும் லேசாகக் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் முழுவதும் மறையும் வரை ஓட்டுவது என்ற பழக்கம் மிகப் பயன்பட்டது. தாள் மாற்றும்போது பரப்பைத் துடைக்க மறந்தால், பழைய தாளிலிருந்து உதிர்ந்த துகள் புதிய தாளின் கீழ் உருண்டு முன்பு சொன்ன பன்றிவாலைத் திரும்பக் கொண்டுவரும். பலகையின் வெட்டுமுகம் எண்ணெயையும் பூச்சையும் அதிகமாகக் குடித்துக் கறுத்துப்போகும் என்பதால் அங்கு மட்டும் 320 வரை போனேன்.

தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. தாள் விரைவில் அடைத்துக்கொள்ளும். இயற்கை ரப்பர் அடியுள்ள பழைய காலணி ஒன்றின் துண்டை, ஓடிக்கொண்டிருக்கும் தாளின் மேல் லேசாகக் காட்டினால் அடைப்பு உருண்டு வந்துவிடும். தேக்கில் மணற்சத்தான சிலிக்காவும் உண்டு. இழைப்புளியின் அலகும் பிட்டின் முனையும் மற்ற மரங்களைவிட இதில் சீக்கிரம் மழுங்குவதற்குக் காரணம் அதுதான். தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1995இலேயே சேர்த்திருக்கிறது. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. N95 வகை முகமூடி வேண்டும். சாண்டரின் சின்னப் பை பெரிய தூளைத்தான் பிடிக்கும், நுரையீரலுக்குள் போகும் நுண்தூள் அதன் துணி வழியாகவே வெளியேறிவிடும்.

இனித் துளைகள். இந்த அலமாரியில் மூன்று வகைத் துளைகள் இருந்தன: திருகுகளுக்கானவை, தட்டுகளைத் தாங்கும் ஊசிகளுக்கான 5 மி.மீ. துளைகள், கதவை மூடினால் வெளியே தெரியாத மறைகீலுக்கான 35 மி.மீ. குழிகள். பெட்டியில் இருந்த பிட் எதற்குப் பொருந்தும் என்று தேடுவதை விட்டு, துளை என்ன கேட்கிறது என்று பார்க்கத் தொடங்கியபோதுதான் தெளிவு வந்தது.

இரும்புக்கான எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) முறுக்கு பிட்டின் முனை பெரும்பாலும் 118 பாகைக் கூம்பு. கூம்பின் உச்சி கூர்மையான புள்ளி அல்ல. உளி போன்ற ஒரு சிறு கோடு. அந்தக் கோடு வெட்டுவதில்லை, தள்ளித் தேய்க்கிறது. இரும்பில் பொட்டடித்து வைத்தால் அது நகராமல் நிற்கும். தேக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் தொடக்கக் காலத்துப் பகுதி பெரிய துவாரங்களோடு மென்மையாகவும் பிற்பகுதி இறுக்கமாகவும் இருப்பதால், முனை இறுக்கமான கோட்டில் பட்டு வழுக்கி மென்மையான பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. கைப்பிடிக்காக நான் குறித்த இரண்டு புள்ளிகளில் ஒன்று இப்படி ஒன்றரை மி.மீ. தள்ளிப் போய்விட்டது. ஒன்றரை மி.மீ.தானே என்று நினைத்தேன். கைப்பிடியின் திருகு இடைவெளி அப்படி நினைக்கவில்லை.

ப்ராட் பாயின்ட் என்னும் பிட்டை நான் அதுவரை கடையில் கேட்டதே இல்லை. நடுவில் ஊசி போன்ற ஒரு முள், ஓரத்தில் இரண்டு கூர்மையான பற்கள். முள் குறித்த புள்ளியில் குத்தி நிற்கும். ஓரப் பற்கள் முதலில் வட்டமாக நாரை அறுக்கும். அதன் பிறகே உள்ளே இருக்கும் அலகு சக்கையைத் தூக்கும். அறுத்த பிறகு தூக்குவதால் துளையின் வாயில் சிராய் கிளம்புவதில்லை. வெனீரில் முறுக்கு பிட்டால் ஒன்றும் இதனால் ஒன்றும் அருகருகே போட்டு நகத்தால் வருடிப் பார்த்தேன். முதலாவதில் நகம் பிசிறில் சிக்கியது. இரண்டாவதில் பீங்கான் தட்டின் விளிம்பைத் தடவியது போல இருந்தது. தட்டுகளைத் தாங்கும் துளைகள் நாற்பதும் இதனால்தான் போடப்பட்டன. முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே, ஒன்றுக்கொன்று 32 மி.மீ. இடைவெளி என்பது ஐரோப்பிய அலமாரித் தொழிலிலிருந்து பரவி இங்கும் பழகிவிட்ட அளவு. அதே அளவில் ஒரு ப்ளைவுட் பட்டியில் துளை போட்டு, அதை வழிகாட்டியாகப் பிடித்து இறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கினேன். ஆழத்துக்கு, பிட்டில் 12 மி.மீ. கடந்த இடத்தில் மின்காப்பு நாடாவைச் சுற்றி, அதன் நுனியை ஓர் அங்குலம் கொடி போல நீட்டிவிட்டேன். ஆழம் வந்ததும் அந்தக் கொடி துளையைச் சுற்றிக் கிடக்கும் தூளைத் துடைப்பம் போலக் கூட்டித் தள்ளும். கூட்டியதும் கையை எடுத்துவிட வேண்டியதுதான். வழிகாட்டிப் பட்டியின் துளைகளை வெறும் மரமாகவே விட்டது என் சோம்பல். முப்பதாவது துளைக்கு மேல் அவை அகன்று, கடைசிப் பத்துத் துளைகள் சற்றே ஆடின. இரும்புக் குழல் ஒன்றைச் செருகியிருக்க வேண்டும்.

இந்த பிட்டுக்கு ஒரே எதிரி பழைய மரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆணி. தலை ஒடிந்து புதைந்து போன ஆணி ஒன்றின் மேல் என் முதல் 5 மி.மீ. பிட் இறங்கியபோது பல் கடிப்பது போல ஓர் ஓசை. வெளியே எடுத்தால் ஓரப் பற்கள் இரண்டும் காணோம். அதற்குப் பிறகு, நூலில் கட்டிய வலிமையான சிறு காந்தத்தை மரத்தின் மேல் அங்குலம் அங்குலமாக ஓட்டி, அது இழுபடும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டேன். கண்ணாலும் கண்டுபிடிக்கலாம்: மரத்தில் உள்ள டானினும் இரும்பும் சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை படிந்திருக்கும். ஆணியை எடுத்த பிறகு ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் கறை பெருமளவு வெளுக்கும். சந்தேகமான இடங்களில் முதலில் மெல்லிய எச்.எஸ்.எஸ். பிட்டால் சோதித்துப் பார்த்துக்கொண்டேன். பெட்டியிலிருந்து பயன்பட்ட மூன்றில் அது ஒன்று.

கீல் குழிகள்தான் மனத்தில் நிற்பவை. மறைகீலின் கிண்ணத்துக்கு 35 மி.மீ. அகலமும் ஏறத்தாழ 12.5 மி.மீ. ஆழமும் கொண்ட, அடி தட்டையான குழி வேண்டும். தட்டை பிட்டால் இதைச் செய்ய முடியாது. அதன் நடுமுள் பத்து மி.மீ.க்கு மேல் நீண்டு கதவின் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இதற்கென உள்ளது ஃபோர்ஸ்ட்னர் பிட். பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர் 1874இல் காப்புரிமை பெற்றது. மற்ற பிட்கள் நடுவைப் பிடித்துக்கொண்டு சுற்றும்போது, இது தன் வட்ட விளிம்பையே தடமாகக் கொண்டு சுற்றுகிறது. அதனால்தான் கணுவின் மேலும், விளிம்பில் பாதி வெளியே தொங்கும் நிலையிலும்கூட நகராமல் இறங்கும்.

முதல் குழி கருகியது. புகை வந்தது, தேக்கு மணத்தோடு. என்னிடம் இருந்த மின் ட்ரில் நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடுவது. அதன் முழு வேகத்தில் போட்டிருந்தேன். 5 மி.மீ. பிட்டின் விளிம்பு அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 44 மீட்டர் பயணம் செய்கிறது. 35 மி.மீ. பிட் ஏழு மடங்கு அகலம். அதே சுற்றில் அதன் விளிம்பு 300 மீட்டரைத் தாண்டுகிறது. பழைய 44 மீட்டருக்கு வர வேண்டுமானால் சுற்றை 400க்கு இறக்க வேண்டும். பேட்டரி ட்ரில்லின் முதல் கியர் ஏறத்தாழ அந்த வேகம்தான். மாற்றிப் போட்டதும் தூளுக்குப் பதில் நீளமான சீவல்கள் சுருண்டு வந்தன. ப்ளைவுட்டில் இதே குழியைப் போடுவதானால் கார்பைடு முனை உள்ளதை வாங்குவது நல்லது. நீர் தாங்கும் ப்ளைவுட்டின் அடுக்குகளை ஒட்டும் ஃபீனால் பிசின் கண்ணாடி போல இறுகுவது. அந்தப் பிசின் கோடு ஒவ்வொன்றும் சாதாரண எஃகின் கூரைத் தின்றுவிடும்.

இரண்டாவது பிழை வேகத்தால் வந்ததல்ல. ஒரு கதவுச் சட்டத்தின் கீழ்ப்பகுதி செல்லரித்திருந்ததால் அதை மட்டும் 16 மி.மீ. வரை இழைக்க வேண்டியிருந்தது. குழி 12.5; பிட்டின் நடுமுள் அதைத் தாண்டி இன்னும் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டினால் 15.5. அரை மி.மீ. மிச்சம் இருக்கிறது என்று துணிந்தேன். குழி முடிந்து கதவைப் புரட்டியபோது, பளபளவென்று தேய்த்து வைத்திருந்த முன்பக்கத்தில் கடுகு அளவில் ஒரு புடைப்பு. விரல் பட்டதும் தோல் விட்டு ஓட்டையாயிற்று. மீதிக் குழிகளுக்கு நடுமுள்ளை அரத்தால் ஒரு மி.மீ. வரை ராவிக் குறைத்தேன். ஃபோர்ஸ்ட்னர் பிட் விளிம்பால் வழி பிடிப்பது என்பதால் அந்தச் சுருங்கிய முள்ளே போதுமானதாக இருந்தது. கடுகு ஓட்டையை 6 மி.மீ. வரை அகலப்படுத்தி, அதே கதவின் கழிவிலிருந்து சீவிய தக்கையை ரேகை ஒத்துப்போகும்படி திருப்பி ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் தேக்கின் எண்ணெய்ப்பசையைத் தின்னரால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது.

குழியின் நடுவை விளிம்பிலிருந்து 22.5 மி.மீ. உள்ளே வைத்தேன், கிண்ணத்துக்கும் கதவு விளிம்புக்கும் இடையே 5 மி.மீ. மரம் நிற்கும். கீல் உற்பத்தியாளர்களின் அட்டவணைப்படி 1500 மி.மீ. உயரக் கதவுக்கு மூன்று கீல் போதும். பழைய மரம் மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளுமோ என்ற பயத்தில் கதவுக்கு நான்கு வைத்தேன். கீல் வாங்கும்போது, கீல் கையின் வளைவைக் குறிக்கும் கிராங்க் எண்ணைச் சொல்ல வேண்டும்: கதவு பக்கப் பலகையை முழுதும் மூடினால் சுழியம், இரண்டு கதவுகள் ஒரு பலகையைப் பங்கிட்டால் 8, சட்டத்துக்குள் கதவு உட்கார்ந்தால் 16. எனக்குச் சுழியம்.

திருகுகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 8 ஆம் எண் திருகுக்குத் தேக்கில் 3 மி.மீ. முன்துளை, மேலே வரும் துண்டில் திருகு தளர்வாகப் போக 4.5 மி.மீ. துளை. ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ட்ரைவால் திருகுகள் தேக்கில் கழுத்து ஒடிந்தன; கைப்பிடிக்கான பித்தளைத் திருகுகளை, அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றி இறக்கிய பிறகு சோப்பு தடவி மாட்டினேன். தலை அமரும் குழிக்கான பிட்டில் 82 பாகை, 90 பாகை என்று இரண்டு உண்டு. மில்லிமீட்டர் அளவுத் திருகுகளின் தலை 90. அமெரிக்க அங்குல அளவுக்குரியது 82. தவறான பிட்டில் தலை உட்காராது, விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும்.

கடைசித் தேய்ப்புக்கு முன் ஈரத்துணியால் பரப்பைத் துடைத்து, எழும்பிய நார்களை உலர்ந்த பின் 220ஆல் லேசாக ஒருமுறை எடுத்தேன். வெளியே பாலியூரித்தேன் மூன்று பூச்சு, இடையில் 320 ஆம் எண் தாளால் கையாலேயே ஓர் ஓட்டம். உள்ளே அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசினேன். மூடிய அலமாரிக்குள் பாலியூரித்தேன் வாடை மாதக்கணக்கில் தங்கும், அரக்கு வாடை ஸ்பிரிட்டோடு போய்விடும்.

கதவு மாட்டிய அன்று தச்சரை அழைத்து வந்து காட்டினேன். திறந்து மூடிப் பார்த்தார், கீல்களை எண்ணினார், நேராகக் குனிந்து அந்த 6 மி.மீ. தக்கையின் மேல் விரலை வைத்தார். பூச்சுக்குப் பிறகு அதை நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. “இங்க என்னாச்சு?” என்று கேட்டார், சொன்னேன். “ரேகையைச் சரியா திருப்பியிருக்கே” என்று மட்டும் சொல்லிவிட்டு, மாடியில் மிச்சமிருக்கும் நிலைச் சட்டங்களைப் பார்க்கலாமா என்றார். அவற்றின் மேல் இன்னும் காந்தம் ஓட்டவில்லை.